கூரையளவும் தார்ப்பாயளவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இம்மேடையில் வழக்கமாய் நம் முன்னோர் சரித்திரம், பிள்ளைகளின் கல்வி, விவாகச் செலவைச் சுருக்குதல் முதலிய பெரிய விஷயங்களே பேசப்பட்டு வருகின்றன. அடியேன் எடுத்துக்கொண்டதோ, புயலடித்த பிறகு ஒரு வீட்டின் கூரையை அளந்து அதற்கேற்ற தார்ப்பாயை எப்படித் தெரிந்தெடுப்பது என்னும் சிறிய விஷயம். காரியதரிசியவர்கள் தலைப்பைக் கேட்டதும் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதற்கு ஒரு மணி நேரம் வேண்டுமா?" என்றார். முக்கால் மணியில் முடிப்பதாக வாக்களித்திருக்கிறேன். ஐப்பசி பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நாம் வசிப்பது எந்தக் கடற்கரையோரம் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இவ்விஷயம் இப்பொழுது பேசத் தகாததென்று ஒருவரும் சொல்லார்.

நாகப்பட்டினக் கரைக்குப் புயல் புதிதன்று. 1952-லும் 1977-லும் வந்தவற்றைப் பற்றி நம்மில் வயது முதிர்ந்தோர் இன்றும் பேசக் கேட்கிறோம். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கத்தைப் பாழாக்கிற்று. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஜில்லாக்களில் தென்னந்தோப்புக்களைச் சாய்த்து, மின்கம்பங்களை முறித்து, கூரை வீடுகளின் முகட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது வடகிழக்குப் பருவமழை நடுவிலிருக்கும் மாதம். காற்று கூரையைத் திறந்துவிட்டுப் போனால், பின்னாலேயே மழை வந்து உள்ளே நுழையும். ஆகையால் அரிசி, பருப்பு, போர்வை ஆகியவற்றுக்கும் முன்னதாகத் தார்ப்பாயைக் கேட்டே ஜனங்கள் கை நீட்டினார்கள்.

நமது சங்கத்தாரும் அக்காலத்தில் ஒரு லாரி நிறையத் தார்ப்பாய் வாங்கிக் கொண்டுபோனது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். அவையெல்லாம் 18 அடிக்கு 24 அடி என்னும் ஒரே அளவு. ஏன் ஒரே அளவாய் வாங்கினோம் என்றால், ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது என்ற பேச்சு எழக்கூடாது என்பதற்காக. அந்த யோசனையைச் சொன்னவன் நானே. அளவெழுதும் நோட்டுப் புத்தகமும் என் கையிலேதான் இருந்தது. முப்பது வருஷ காலம் ஓவர்சியர் வேலை பார்த்தவன் அளந்தால் பிழை வராது என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன்.

வேதாரணியத்துக்கு மேற்கே ஓர் ஊர். அங்கே நம் உறவினராகிய ஒரு பாட்டியார் தனியே வசிக்கும் ஓட்டு வீடு. காற்றில் பாதி ஓடுகள் பறந்துவிட்டன. மீதியிருந்தவையும் நிலை பெயர்ந்து கிடந்தன. நான் வெளிச்சுவரை நாடா வைத்து அளந்து, நீளம் 20 அடி, அகலம் 14 அடி, ஆக 280 சதுர அடி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். கையிலிருந்த தார்ப்பாயோ 432 சதுர அடி. ஒன்றரை பங்குக்கு மேலிருக்கிறதே, தாராளமாய்ப் போதும் என்று கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். வாலிபர்கள் அதை மேலே போட்டுக் கட்டினபோது கிழக்குக் கோடியில் 4 அடி அகலத்துக்குக் கூரை வெளியே தெரிந்தது. அந்த நாலடிக்குக் கீழே இருந்தது பாட்டியாரின் நெற்குதிர். சில நாள் கழித்து ஓரிரவு நல்ல மழை பெய்தது. மறுமுறை நாங்கள் போனபோது குதிரின் மேல்மட்டத்து நெல் முளை கட்டியிருந்தது. அந்த அம்மையார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தார்ப்பாய் நல்ல தார்ப்பாய்தான் தம்பி, என் வீடுதான் நாலடி நீளமாய்ப் போய்விட்டது" என்றார். ஒரு வருஷத்துச் சாப்பாட்டு நெல்லை நனைத்தவனிடம் இப்படிப் பேசுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அன்று முதல் இந்தக் கணக்கு என் மனத்தை விட்டு அகன்றதில்லை.

நான் செய்த தவறு யாது? ஒன்றன்று, மூன்று.

முதலாவது, தரையை அளந்தேனேயன்றிக் கூரையை அளந்தேனில்லை. கூரை சுவரோடு நிற்பதன்று. சுவர் நனையாதிருக்கும் பொருட்டு இறவாணம் வெளியே நீண்டிருக்கும். அவ்வீட்டில் முன்னும் பின்னும் 2 அடியும், இரு கோடிகளிலும் 1 அடியும் நீட்டியிருந்தார்கள். ஆகவே மேலிருந்து பார்க்கிறவனுக்கு அவ்வீடு 20-க்கு 14 அன்று, 22-க்கு 18. இவ்வளவிலேயே 280 சதுர அடி 396 ஆகிவிட்டது பாருங்கள். சிறிய வீட்டில்தான் இந்த வித்தியாசம் அதிகம். பெரிய மாளிகைக்கு இரண்டடி இறவாணம் பெரிய வித்தியாசம் செய்யாது. குடிசைக்கோ அது கூரையில் மூன்றிலொரு பங்காகி விடுகிறது. ஏழை வீட்டை அளக்கும்போது உண்டாகும் பிழையே பெரிய பிழை.

இரண்டாவது, சரிவை மறந்தேன். கூரை தரையைப்போல் படுத்திருப்பதன்று, சாய்ந்து நிற்பது. பள்ளிக்கூடத்தில் நாமெல்லோரும் படித்த செங்கோண முக்கோணத்தின் கணக்கு இங்கேதான் உதவுகிறது. வீட்டகலத்தில் பாதி ஒரு பக்கம். இறவாண மட்டத்திலிருந்து முகடு எவ்வளவு உயரமோ அது மற்றொரு பக்கம். சரிவின் நீளமே கர்ணம். பாட்டியார் வீட்டில் இறவாணமுட்படப் பாதியகலம் 9 அடி, முகட்டின் உயரம் 6 அடி. 9-ன் வர்க்கம் 81, 6-ன் வர்க்கம் 36, இரண்டும் கூடி 117; அதன் வர்க்கமூலம் 10 அடி 10 அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு. இருபுறச் சரிவும் சேர்ந்தால் 21 அடி 8 அங்குலம். 22 அடி நீளத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 477 சதுர அடி. 280 எங்கே, 477 எங்கே!

வர்க்கமூலம் என்றதும் இங்கே சிலர் முகம் வாடுவதைக் காண்கிறேன். கவலை வேண்டாம். மழையில் நனைந்துகொண்டு கணக்குப் போட எனக்கும் பிரியமில்லை. நான் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறேன். முகட்டின் உயரம் பாதியகலத்தில் பாதியானால், பாதியகலத்தின் ஒவ்வோரடிக்கும் ஒன்றரை அங்குலம் கூட்டிக்கொள்க. மூன்றில் இரண்டு பங்கானால் இரண்டரை அங்குலம். உயரமும் பாதியகலமும் சமமானால் ஐந்து அங்குலம். ஓட்டு வீடுகள் பெரும்பாலும் முதலிரண்டிலும் அடங்கும். கீற்றுக் கூரை நீர் தங்காதிருக்க வேண்டிச் செங்குத்தாய் வேய்வார்களாகையால் மூன்றாவதை ஒட்டி நிற்கும். பாட்டியார் வீட்டுக்கு இரண்டாவது கணக்கு: 9 அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம் கூடி, 10 அடி பத்தரை அங்குலம் வருகிறது. அரை அங்குலப் பிழைக்கு ஒருவரும் நம்மீது வழக்குத் தொடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது தவறே பெரியது. சதுர அடியோடு சதுர அடியை ஒப்பிட்டதுதான் அது. வேட்டிக்குச் சட்டைத்துணி ஈடாகாததைப்போல, தார்ப்பாய்க்கும் நீளம் வேறு அகலம் வேறு. உண்மையான கூரை நீளத்தில் 22, இறவாணத்திலிருந்து முகட்டுக்கு ஏறி மறுபுறம் இறங்குவது 21 அடி 8 அங்குலம். 24 அடிப் பக்கத்தை முகட்டின்மேல் குறுக்கே போட்டால் இரு இறவாணத்திலும் 14 அங்குலம் தொங்கும், அது நன்று. ஆனால் நீளத்துக்கு மிஞ்சுவது 18 அடியே. அந்த நாலடிதான் குதிரின்மேல் திறந்து கிடந்தது. திருப்பிப் போட்டிருந்தாலோ இறவாணப் பக்கம் 3 அடி 8 அங்குலம் திறந்திருக்கும். எப்படிப் போட்டாலும் போதாத ஒன்றை, பெருக்கிப் பார்த்த தொகையை நம்பிப் போதுமென்று எழுதினேன்.

அந்த நாலடி வழியே எவ்வளவு நீர் இறங்கியிருக்கும் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். மழை செங்குத்தாய் விழுவதாய்க் கொண்டால், சரிவளவு அன்று, கிடையளவே இதற்கு வேண்டும். 4 அடிக்கு 18 அடி, 72 சதுர அடி. ஓரங்குல மழைக்கு 6 கன அடி, அதாவது 170 லிட்டர். நம் வீட்டுக் குடத்தால் பத்துக் குடத்துக்கு மேல். ஓடு சிறிது இருந்தபடியால் அவ்வளவும் உள்ளே இறங்கியிராது. பாதி இறங்கினாலும் ஒரு குதிருக்கு அது போதாதா?

நிற்க. இனி ஏறாமலே கூரையை அளக்கும் வழிகளைச் சொல்லுகிறேன். ஏறாமலே என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். புயலடித்த கூரையின்மேல் அளவெடுக்க ஒருவன் ஏறுவது அறிவீனம். நனைந்த ஓடு வழுக்கும், கைமரம் உளுத்திருக்கலாம், ஆஸ்பெஸ்டாஸ் தகடோ பார்வைக்குத் திண்ணெனத் தோன்றிக் காலடியில் சட்டென்று உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும்.

யாவற்றினும் நல்ல வழி கயிறு. ஒரு கைப்பிடி மணலைத் துணியில் முடிந்து சணல் கயிற்றின் நுனியில் கட்டி, ஒரு பக்கத்து இறவாணத்தடியில் நின்று முகட்டுக்கு அப்பால் வீச வேண்டும். கல்லைக் கட்டலாகாது, மீதியிருக்கும் ஓடும் உடையும். மேலே மின்கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்த பிறகே வீச வேண்டும். மின்சாரம் நின்றிருக்கிறது என்னும் நம்பிக்கையில் இருந்துவிடலாகாது, எந்த நிமிஷத்திலும் அது திரும்ப வரலாம். கயிற்றை இரு புறமும் தொய்வில்லாமல் இழுத்து, இரு இறவாணத்திலும் முடிச்சிட்டு, கீழே இறக்கித் தரையில் நீட்டி அளந்தால், சரிவு, உயரம், கர்ணம் என்ற எந்தக் கணக்கும் வேண்டாமல் 21 அடி 8 அங்குலம் தானே வந்து நிற்கும். இந்த ஐந்து நிமிஷ வேலையை அன்று நான் செய்திருந்தால் இன்று இந்தப் பிரசங்கத்துக்கு இடமில்லை.

கயிறு வீச இடமில்லாத சந்துகளில், ஓட்டு வீடானால், வரிசைகளை எண்ணலாம். வீட்டினுள்ளே நின்று, ஓடு தாங்கும் ரீப்பர்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைச் சரிவோடு அளந்துகொண்டு, இறவாணம் முதல் முகடு வரை எத்தனை வரிசை என்று எண்ணிப் பெருக்கினால் சரிவின் நீளம் கிடைக்கும். சீமை ஓட்டுக்கு இது வெகு சரியாய் வருகிறது. நாட்டு ஓட்டில் அடுக்கு நெருங்கியும் விலகியும் இருப்பதால் அவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம். தகடு போட்ட வீட்டில் தகட்டின் நீளத்தைக் கடைக்காரரே ஆறடி, எட்டடி, பத்தடி என்று சொல்லிக் கொடுத்திருப்பார்; மேலும் கீழும் ஏறிப் படிந்திருக்கும் பகுதியைக் கழித்துக் கொண்டால் போதும்.

அளவுநாடா இல்லையென்று அளவாமல் திரும்பி வரலாகாது. சாண் 9 அங்குலம், முழம் 18 அங்குலம் என்பது பாடம். ஆனால் என் முழம் பதினேழரையே. அதை நம்பி எட்டு முழம் அளந்தால் 4 அங்குலம் குறைந்துபோகும். தம் சாணையும் முழத்தையும் நடையையும் ஒரு முறை நாடாவில் வைத்துப் பார்த்து மனனம் செய்து கொள்வது நலம். இடுப்பிலிருக்கும் எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 12 அடி. ஆறு கஜப் புடவை 18 அடி. ஒரு வீட்டில் நாடாவுக்காக நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, அவ்வீட்டம்மாள் கொடியிலிருந்த புடவையை உருவி, "இதை வைத்து அளவுங்கள்" என்று கொடுத்தார். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அந்த யுக்தி தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இக்காலத்து வாலிபர்கள் கைப்பேசியில் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, அதிலேயே வீட்டை அளந்துவிடலாம் என்கிறார்கள். அளக்கலாம், அதில் இறவாணமும் சேர்ந்தே தெரிவதால் தரையளவைக் காட்டிலும் அது மேல். ஆனால் மேலிருந்து எடுத்த படம் சரிவைக் காட்டாது. ஆதலால் மேலே சொன்ன வாய்க்கணக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னையும் மாவும் கவிந்த ஊர்களில் பாதி வீடு தெரிவதேயில்லை. அன்றியும், படம் புயலுக்கு முன் எடுத்ததாயிருக்கும்; பின்னிட்டு இறக்கின தாழ்வாரம் அதில் இராது. ஊர் முழுவதற்கும் உத்தேசம் போட அது உபயோகப்படும். ஒரு வீட்டுக்குத் தார்ப்பாய் வெட்டக் கயிறே வேண்டும்.

கூரையின் அளவு தெரிந்தது. இனி அதற்கு மேல் எவ்வளவு வேண்டும்? காற்று கூரையை அமுக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அது மேலே உறிஞ்சித் தூக்குகிறது. ஓரத்தில் ஒரு விரற்கடை நுழைய இடமிருந்தால் தார்ப்பாய் பாய்மரமாகிவிடும். ஆகவே நாற்புறமும் 2 அடி மிச்சம் விட்டு, அந்த விளிம்பை ஒரு ரீப்பர் கட்டையில் சுருட்டிக் கைமரத்தோடு இறுக்க வேண்டும்; அல்லது வளையந்தோறும் கயிறிட்டுத் தரையில் முளையடித்துக் கட்ட வேண்டும். கீற்றுக் கூரையானால் மேலே குறுக்கும் நெடுக்குமாய்க் கயிற்றால் வலைபோல் கட்டுவதும் உண்டு. கல்லையும் உடைந்த ஓட்டையும் மேலே பாரமாய் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரவில் காற்றடித்தால் அது உறங்குகிறவர் தலையில் விழும். இரண்டடி மிச்சம் என்னும் கணக்கில் பாட்டியார் வீட்டுக்கு வேண்டியது 26-க்கு 25 அடி 8 அங்குலம். கடைகளில் 12-க்கு 18, 15-க்கு 18, 18-க்கு 24, 24-க்கு 30 என்று கிடைக்கும் அளவுகளில் 24-க்கு 30 ஒன்று போதும். 30 முகட்டின் குறுக்கே, 24 நீளவாட்டில், கோடிகளில் ஓரடி மட்டும் மிஞ்சும். சொன்ன இரண்டடி கிடைக்கவில்லையே என்றால், கோடியிலிருப்பது சுவர், அங்கே ஓரடியை இறுகக் கட்டிச் சமாளிக்கலாம். இறவாணத்தில்தான் தாராளம் வேண்டும். வாங்கும்போது கடையிலேயே விரித்து அளந்து பாருங்கள். விளிம்பு மடித்துத் தைத்ததில் சில அங்குலம் போய்விடுகிறது. சீட்டில் எழுதிய அளவு மடிக்குமுன் இருந்த அளவாயிருக்கலாம்.

ஒரே தார்ப்பாய் போதாமல் இரண்டை இணைக்க நேர்ந்தால், ஒன்றின்மேல் ஒன்று 3 அடியாவது ஏறிப் படிய வேண்டும். ஓடு வேய்வதைப் போலவே மேற்புறத்தது கீழ்ப்புறத்ததன் மேலிருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டு, மழைநீரையெல்லாம் ஒழுங்காய் உள்ளே வழிய விட்ட ஒரு வீட்டையும் அந்த ஊரிலேயே கண்டேன்.

ஒரு சரிவு மட்டும் சேதமானால் என்ன செய்வது? அப்பொழுதும் தார்ப்பாயை முகட்டோடு நிறுத்தலாகாது. மேல்விளிம்பு வழியே நீர் அடியில் நுழையும். முகட்டைத் தாண்டி மறுபுறம் 4 அடி இறங்க வேண்டும். பாட்டியாரின் வீட்டுக்கு அடுத்தது அதே அளவு, அதே சரிவு. அங்கே மேற்குப்புறச் சரிவு மட்டும் போயிருந்தது. 10 அடி 10 அங்குலம், மறுபுறம் 4 அடி, இறவாணத்தில் 2 அடி, ஆக 16 அடி 10 அங்குலம், நீளம் 22. அந்த வீட்டுக்கு 18-க்கு 24 தைத்தாற்போல் பொருந்திற்று! ஒரே அளவுத் தார்ப்பாய் ஒரு வீட்டில் முழுப் பயன், மறு வீட்டில் நெல் முளைத்தது. எல்லோருக்கும் சமமாய்க் கொடுத்தோம் என்று நாங்கள் திருப்திப்பட்டதன் லட்சணம் இதுதான்.

உலகத்தில் வேறிடங்களிலும் இக்கஷ்டம் உண்டு. சர்வதேச நிவாரண சங்கங்கள் கொடுக்கும் தார்ப்பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர் என்னும் அளவுள்ளது. நம் கணக்கில் ஏறக்குறைய 13-க்கு 20 அடி. தனியே ஒரு சிறு கொட்டகை எழுப்பிக்கொள்ள அது வெகு நேர்த்தி. ஒருவருக்கு மூன்றரை சதுர மீட்டர் தரையாவது மறைவாயிருக்க வேண்டுமென்று அவர்கள் வைத்திருக்கும் விதியோடு அது பொருந்துகிறது. ஆனால் நம் ஓட்டு வீட்டின் 44 சதுர மீட்டர்க் கூரைக்கு அதன் 24 சதுர மீட்டர் எம்மட்டு? ஜப்பானில் நீலநிறத் தார்ப்பாய் 3.6-க்கு 5.4 மீட்டர் என்பது சாதாரண அளவு. 2019-ல் சீபாப் பிரதேசத்தில் புயலடித்தபோது ஊர் ஊராய்க் கூரைகள் நீலமாயிருந்த படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். அமெரிக்காவிலும் 2005-ல் கத்ரீனாப் புயலுக்குப் பின் அரசாங்கமே இவ்வாறு நீலக்கூரை போட்டுக் கொடுத்தது.

முற்றம் வைத்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் ஒரே பெரிய தார்ப்பாயை முற்றத்தையும் சேர்த்து மேலே விரித்துவிடுகிறார்கள். அது நடுவில் தொய்ந்து குளமாகும். பத்தடிச் சதுரத்தில் அரையடி நீர் நின்றால் அதன் எடை 1,400 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தைச் சுமக்கும் தூண் நம் வீடுகளில் இல்லை. நாற்புறத்தையும் தனித்தனியே போர்த்தி, நீர் முற்றத்துக்குள்ளேயே விழுந்து வாய்க்கால் வழியே வெளியேற விட வேண்டும்.

இப்பொழுது சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். அந்த ஊரில் நம்மவர் வீடொன்றின் இறவாணமும் பக்கத்து வீட்டு இறவாணமும் ஒரு முழச் சந்தில் எதிரெதிராய் நிற்கின்றன. பக்கத்து வீடு வேறு சமூகத்தாருடையது. நமது ஜாபிதாவில் அதற்கு இடமில்லை. நம்மவர் கூரையை மட்டும் அழகாய்ப் போர்த்தினோம். அதுவரையில் கீற்றில் ஊறிச் சொட்டுச் சொட்டாய் விழுந்த நீர், வழவழப்பான தார்ப்பாயில் தாரையாய்ப் பாய்ந்து எதிர்வீட்டு மண்சுவரைக் கரைத்தது. அவ்வீட்டார் கேட்க வந்தபோது எங்களிடம் பதிலில்லை. நம் வீட்டாருக்கும் அவர்களுக்கும் அதுவரை ஒரு மனஸ்தாபமும் இருந்ததில்லை. அந்தச் சுவரால் ஒரு வருஷம் பேச்சில்லாமற் போயிற்று. சென்ற மாதம் நிர்வாகக் கமிட்டியில் நான் இதை எடுத்துச் சொல்லி, இறவாணம் சேர்ந்திருக்கும் வீடு யாருடையதாயினும் இரண்டையும் ஒன்றாய் அளந்து இரண்டுக்கும் கொடுக்க வேண்டுமென்றேன். சங்கத்தின் பணம் சங்கத்தாருக்கே என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தண்ணீர் நம் அங்கத்தினர் ஜாபிதாவைப் பார்த்து வடிவதில்லையே! தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. இன்றைய கூட்டத்திலும் அதை மறுபடி கொண்டுவரப் போகிறேன் என்பதை முன்னதாகவே தெரிவித்துக் கொள்கிறேன்.

கடைசியாக, செலவு விஷயம். அளவெடுப்பதைப் புயலுக்குப் பின் வைத்துக்கொண்டால் அவசரத்தில் என்னைப் போலத்தான் முடியும். இப்பொழுதே, வெயில் இருக்கும்போதே, வீடு வீடாய்க் கயிறு வீசி, கூரையின் நீளம், முகட்டின்மேல் இறவாணத்துக்கு இறவாணம், கூரையின் வகை, பக்கத்து இறவாணம் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று நாலே பத்தியில் ஒரு புத்தகம் எழுதிவிடலாம். எல்லா வீட்டையும் அளக்க ஆளில்லாத பெரிய ஊரானால், ஓட்டு வீடு, கீற்று வீடு, தகட்டு வீடு என்று பிரித்து எண்ணி, ஒவ்வொரு வகையிலும் ஐந்துக்கு ஒன்று அளந்து, எந்த அளவுத் தார்ப்பாய் எத்தனை வேண்டுமென்று உத்தேசம் கட்டலாம். சராசரி எடுத்து ஒரே அளவாய் வாங்கிவிடாதீர்கள். சராசரி வீட்டில் ஒருவரும் வசிப்பதில்லை. மூன்று அளவாய் வாங்கினால் போதும். மலிவான மெல்லிய தார்ப்பாய் சில மாத வெயிலில் நொறுங்கிவிடுமாதலால், எடையைக் கேட்டு வாங்குங்கள். சர்வதேச சங்கத்தாரின் தார்ப்பாய் சதுர மீட்டருக்கு 200 கிராமை ஒட்டியிருக்கும். அதில் பாதிகூட இல்லாததை மழை மாதத்துக்கு நம்ப வேண்டாம். புயல் முடிந்து கூரை சரிசெய்யப்பட்டதும் தார்ப்பாயை எடுத்து உலர்த்தி மடித்து வைக்கவும் சொல்ல வேண்டும். கீற்றின்மேல் அப்படியே விட்டுவைத்தால் புழுக்கத்தில் கீற்று மக்கிப்போம்.

நூறடி அளவுநாடா இரண்டும், ஐம்பதடிச் சணல் கயிறு மூன்றும், மணல் முடிய ஒரு மூட்டைத் துணியும் வாங்கி இதோ மேஜையின்மேல் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாலிபர் நால்வர் வந்தால் அந்த ஊரின் தெற்குத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம். பாட்டியாரின் வீடு முதலில். சென்ற வருஷம் அவர் கிழக்கே ஒரு தாழ்வாரம் இறக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆகையால் என் பழைய நோட்டிலிருக்கும் அளவு எதற்கும் உதவாது, புதிதாய்த்தான் அளக்க வேண்டும்.